இளைத்த பின் தொளதொளக்கும் உடைகளை என்ன செய்வது?

உடல் இளைத்தவர்களின் வீடுகளில் உடைகளைப் பொறுத்து இரண்டு விதமான தவறுகள் நடப்பதைப் பார்க்கிறேன். மகிழ்ச்சியின் வேகத்தில் அலமாரியையே காலி செய்துவிட்டு, அடுத்த வாரம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கொள்ள ரவிக்கை இல்லாமல் தவிப்பது ஒன்று. எப்போதாவது பிடித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, தோளிலிருந்து நழுவும் அதே நான்கு உடைகளை ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றி உடுத்துவது மற்றொன்று. இரண்டரை ஆண்டுகளில் 14 கிலோ குறைந்த நான் முதல் தவறைச் செய்தேன். என்னோடு சேர்ந்து நடக்கத் தொடங்கி இளைத்த என் கணவர் இரண்டாவதைச் செய்தார். உடைகளை ஒட்டுமொத்தமாகப் பார்க்காமல், ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, அதன் தோள் எங்கே விழுகிறது என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட முறை. அதையே இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. உணவைக் குறைக்காமல், நடக்காமல், எந்த முயற்சியும் இல்லாமல் உடைகள் தளர்ந்துகொண்டே போனால், தையற்காரரிடம் போவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் காரணமின்றிக் குறைந்தால் அதை ஆராய வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. கண்டறியப்படாத சர்க்கரை நோயும், தைராய்டு மிகையாகச் சுரப்பதும், காசநோயும் முதலில் இடுப்புப் பட்டையின் தளர்ச்சியாகத் தெரிவது உண்டு.

எப்போது தொடங்குவது

எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது எதையும் வெட்டித் தைக்கக் கூடாது. நான் முதல் 6 கிலோ குறைந்தவுடனே எட்டு ரவிக்கைகளை எடுத்துச் சென்று பிடித்துத் தைத்துவந்தேன். ஐந்தே மாதத்தில் அந்த எட்டும் மறுபடி தளர்ந்துவிட்டன. இரண்டாம் முறை பிரித்தபோது பட்டுத் துணியில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவை எத்தனை முறை துவைத்தாலும் மறையவில்லை. ஆகவே மூன்று மாதமாவது எடை ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கிலோவைவிட இஞ்ச் டேப் சொல்வதே இங்கே முக்கியம். ஒருவருக்கு இடுப்பு முதலில் குறையும், இன்னொருவருக்கு முகமும் கையும் முதலில் குறையும்; எடை எந்திரம் அதைக் காட்டாது. மாதம் ஒரு முறை, காலையில் சாப்பிடுவதற்கு முன், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, சீட் எனப்படும் பிட்டச் சுற்று, கைச் சுற்று ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அதுவரை நாளைத் தள்ளுவதற்கு வேண்டியவை குறைவுதான். நாடா வைத்த சுடிதார் பேன்ட், எலாஸ்டிக் வைத்த பாவாடை, பெல்ட், உள்ளே குத்திய ஊக்கு ஆகியவை பெரும்பாலான நாட்களைக் கடத்திவிடும். புடவை கட்டுகிறவர்களுக்கும் வேட்டி கட்டுகிறவர்களுக்கும் இந்த விஷயத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஐந்தரை மீட்டர் புடவைக்கு அளவு என்ற ஒன்றே கிடையாது. கொசுவத்தில் ஒன்றிரண்டு மடிப்பு கூடும், அவ்வளவுதான். அவர்களுக்குச் சிக்கல் ரவிக்கையிலும் உள்பாவாடையிலும் மட்டுமே. ஆனால் உள்ளாடைகளை மட்டும் காத்திருக்காமல் உடனே மாற்றிவிடுங்கள். தளர்ந்த உள்ளாடையோடு மேலே எதைப் போட்டுப் பார்த்தாலும் அளவு தவறாகத்தான் தெரியும்.

தோளைப் பார்ப்பது

ஓர் ஓய்வு நாளில், நல்ல வெளிச்சத்தில், முழு நீளக் கண்ணாடி முன் ஒவ்வொன்றாக அணிந்து பாருங்கள். முதலில் பார்க்க வேண்டிய இடம் இடுப்பு அல்ல, தோள். தோள் எலும்பு முடியும் இடத்தில் கையின் இணைப்புத் தையல் நின்றால், அல்லது அரை அங்குலம் மட்டும் கீழே இறங்கியிருந்தால், மற்ற எல்லாத் தளர்ச்சியையும் தையற்காரர் சரிசெய்துவிடுவார். அந்தத் தையல் ஓர் அங்குலத்துக்கு மேல் கையின் மீது இறங்கி நின்றால், அந்த உடையைச் சரிசெய்வது என்பது ஏறக்குறைய புதிதாகத் தைப்பதுதான். கையைக் கழற்றி, கைக்குழியை மறுபடி வெட்டி, கழுத்தையும் சிறிதாக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே அகலமாக வெட்டப்பட்ட கழுத்தைச் சிறிதாக்கத் துணி எங்கிருந்து வரும்? பக்கத்தை மட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டு, "இனி சரியாக இருக்கும்மா" என்று சொல்லும் தையற்காரர்கள் உண்டு. அப்படிப் பிடித்த உடை இடுப்பில் கச்சிதமாகவும் தோளில் கடன் வாங்கியது போலவும் நிற்கும்.

தோள் பொருந்தினால், உடையை உள்புறம் வெளியே வருமாறு திருப்பி அணிந்துகொண்டு, தளர்ச்சியை இரு பக்கமும் சமமாக ஊக்கால் பிடித்துப் பாருங்கள். பிறகு உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், பேருந்துக் கம்பியைப் பிடிப்பது போல நில்லுங்கள். நின்றபடி அழகாகத் தெரிந்தது உட்கார்ந்தவுடன் இழுத்தால், பிடித்தது அதிகம் என்று பொருள்.

ரவிக்கையில் தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஊர்த் தையற்காரர்கள் அதில்தான் முன்னேற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு, இரண்டு மூன்று வரிசைத் தையல் போட்டிருப்பார்கள். பெருத்தால் ஒன்றைப் பிரிக்கலாம், இளைத்தால் உள்ளே இன்னும் ஒன்று போடலாம். கையின் ஓரத்திலிருந்து அக்குள் வழியாக இடுப்புப் பட்டி வரை ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். அக்குளில் தொடங்கி இடுப்பில் முடித்தால் கைக்குழியில் துணி சுருண்டு நிற்கும். பக்கத்துக்கு ஓர் அங்குலம் வரை இப்படிப் பிடிக்கலாம். முன் துணியும் பின் துணியும் சேர்ந்து பிடிபடுவதால், சுற்றளவில் நான்கு அங்குலம் வரை குறையும். அதற்கு மேல் போனால் மார்புக்கு வடிவம் தர முன்புறத்தில் மடித்துத் தைத்திருக்கும் டக்குகள் இடம் மாறி, அவற்றின் முனை மார்பின் பக்கவாட்டில் போய் நிற்கும். அப்போது டக்கைப் பிரித்துத் தைத்தால்தான் பொருந்தும். லைனிங் வைத்த ரவிக்கையில் இது இரட்டை வேலை.

இளைத்தவர்களின் ரவிக்கையில் அடிக்கடி வரும் குறை, கழுத்து அகன்று தோள் நழுவுவது. அதற்கு முழு ரவிக்கையையும் பிரிக்க வேண்டியதில்லை. பின் கழுத்தில், தோளுக்குச் சற்றுக் கீழே, இரு பக்கமும் ஒரு கயிறு வைத்துக் கட்டிக்கொண்டால் தோள் உள்ளே வந்துவிடும். குஞ்சம் வைத்தால் அது குறையை மறைக்க வைத்தது என்று யாருக்கும் தெரியாது. தோள் தையலில் கால் அங்குலம் பிடிப்பதும் உதவும், ஆனால் அது கைக்குழியையும் சேர்த்துத் தூக்கும் என்பதால் அதற்கு மேல் போக வேண்டாம்.

எந்த உடையானாலும் ஒன்றை மட்டும் தையற்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: உள்ளே மடங்கும் துணியை வெட்டக் கூடாது. தடிப்பாகத் தெரியும் என்று வெட்டிவிடுவது அவர்கள் வழக்கம். எடை திரும்பி வருவது மிகச் சாதாரணமாக நடப்பது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் எனக்கே 3 கிலோ கூடியது. வெட்டாமல் விட்டிருந்த ரவிக்கைகள் அப்போது காப்பாற்றின.

சுடிதார் டாப்பில் பக்கப் பிளவு தொடங்கும் இடம் வரை பிடிக்கலாம். பிளவுக்குள் இழுத்துக்கொண்டு போனால் நடக்கும்போது முன் பாகம் மடங்கும். பக்கவாட்டில் பூத்தையலோ பார்டரோ ஓடினால் பிடிப்பதைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் பாதிப் பூ தையலுக்குள் போய்விடும். உள்பாவாடையைப் பலரும் கண்டுகொள்வதில்லை. நாடாவை இழுத்துக் கட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பெரிய பாவாடையின் சுருக்கம் முழுவதும் இடுப்பில் திரண்டு நின்று, இளைத்த இடுப்பைப் பருத்துக் காட்டும். ஒரு துண்டை உருவிவிட்டு மீதியை இணைத்தால் சரியாகிவிடும்; அல்லது ஒன்றிரண்டு புதிதாக வாங்குங்கள், பெரிய செலவில்லை.

ஆண்களின் பேன்ட் இதைவிடக் கணக்கான வேலை. தைத்து வாங்கிய பேன்ட்டில் பின் நடுத்தையலில் பெருக்குவதற்காகத் துணி விட்டிருப்பார்கள். அதே தையலில் பிடித்து இடுப்பை இரண்டு அங்குலம் குறைக்கலாம். மூன்று, நான்கு அங்குலம் என்று போனால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று நெருங்கிவந்து நிற்கும். முன்பக்கக் கோடு பக்கவாட்டுக்கு விலகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இடுப்புப் பட்டையைக் கழற்றி, பக்கத் தையலிலும் தொடையிலும் பிடிக்க வேண்டும். அந்தக் கூலிக்கு மனம் ஒப்புகிறதா என்று பாருங்கள். ஜீன்ஸை வீட்டு எந்திரத்தில் முயல்வதாக இருந்தால் 16ஆம் எண் ஊசி போடுங்கள், இல்லையேல் மடிப்பு சேரும் இடத்தில் ஊசி உடையும். சட்டையில் பக்கத்தைப் பிடிக்கலாம், காலரை மாற்ற முடியாது. பட்டன் போட்ட பிறகு காலருக்குள் மூன்று விரல் தாராளமாக நுழைந்தால், டை கட்டும் அலுவலகத்துக்கு அந்தச் சட்டை உதவாது. கோட்டின் தோளுக்குள் பஞ்சும் கான்வாஸும் வைத்துத் தைத்திருப்பதால், தோள் பெரிதான கோட்டை விட்டுவிடுவதே மேல். டி-சர்ட்டும் லெக்கிங்ஸும் பிடித்துத் தைக்கும் கூலிக்குத் தகுதியற்றவை. வீட்டில் போடலாம், போதும்.

கூலியைப் பற்றி என் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. அதே தரத்தில் புதியது வாங்க ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிசெய்யும் கூலி போனால் நான் கொடுப்பதில்லை. கல்யாணப் பட்டு ரவிக்கை போன்றவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதைச் சரிசெய்யவும் வேண்டாம். புடவைக்கு ஏற்ற வேறு ரவிக்கையை இப்போதைய அளவில் தைத்துக்கொண்டு, பழையதை அப்படியே பருத்தித் துணியில் சுற்றிப் புடவையோடு வைத்துவிடுங்கள்.

வைத்துக்கொள்வது எவ்வளவு

சரிசெய்ய முடியாதவற்றை எல்லாம் அனுப்பிவிட வேண்டும் என்பதில்லை. இப்போதைய அளவுக்கு ஒரு சைஸ் மேலே உள்ளவற்றில், வெளியே போட்டுச் செல்லக்கூடிய மூன்று நான்கு உடைகளைத் தனியே வையுங்கள். இரண்டு சைஸுக்கு மேல் பெரியவற்றை வைத்திருப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. அந்த அளவுக்கு எடை திரும்பினால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் வாங்கிக்கொள்ளலாம். பெட்டியின் மேல் அளவையும் மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஓராண்டு திறக்கப்படாத பெட்டியில் உள்ளவற்றை, வைப்பதா வேண்டாமா என்று மறுபடி யோசிக்காமல் கொடுத்துவிடலாம். துவைத்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். கடலோர ஊர்களில் அரை ஈரத்தோடு மடித்தது மழைக்காலத்தில் கரும்புள்ளி பிடித்துவிடும். அந்துருண்டையை ஜரிகையில் படும்படி போடாதீர்கள், கறுக்கும்.

மாற்றுவது

பெரிய அளவு உடைகளில் துணி நிறைய இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எக்ஸ்எக்ஸ்எல் பருத்திக் குர்த்தி ஒன்றின் முன்னும் பின்னும் கையும் சேர்ந்தால், ஒரு ரவிக்கைக்கு வேண்டிய ஒரு மீட்டருக்குக் குறையாத துணி அதில் கிடைக்கும். கலம்காரி, அஜ்ரக், இக்கத் போன்ற அச்சும் நெசவும் உள்ள குர்த்திகளை ஒரு நிறப் பருத்திப் புடவைகளுக்கு ரவிக்கையாக மாற்றுவதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. என்னிடம் இப்போது உள்ள ஐந்து நல்ல ரவிக்கைகள் அப்படி வந்தவை. அக்குள் பகுதி வெளுத்திருந்தால் அதைத் தவிர்த்து, கீழ்ப் பாகத்திலிருந்து வெட்டச் சொல்லுங்கள். பேன்ட்டின் கால்கள் இரண்டும் இரண்டு கடைப் பைகளாகும். 2019இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்து, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கிய பிறகு, எங்கள் வீட்டில் காய்கறிக்குப் போவது என் கணவரின் பழைய காக்கி நிறப் பேன்ட்தான். நைந்த பருத்தி கரித்துணியாகட்டும். பாலியெஸ்டர் கரித்துணிக்கு உதவாது, சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டும். போகிக்குக் கொளுத்தவும் கூடாது. அது செயற்கை இழை, எரித்தால் பிளாஸ்டிக் எரிந்த புகைதான் வரும்.

கொடுப்பது

எஞ்சியவற்றைக் கொடுப்பதில் துணியைவிட மனிதர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. "இது உனக்குச் சரியாக இருக்கும்" என்று நாத்தனாரிடமோ அலுவலகத் தோழியிடமோ சொல்வது, அவர்களின் உடலைப் பற்றி நீங்கள் சொல்லும் தீர்ப்பாகக் கேட்கும். அதுவும் இளைத்தவர் வாயிலிருந்து வந்தால் இன்னும் கசக்கும். அதே சமயம், பெரிய அளவில் நல்ல உடைகள் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கூடுதல் என்பது அந்த அளவில் இருந்த நமக்குத் தெரியும். ஆகவே குடும்பத்தினரிடம் பொதுவாக, "கொஞ்சம் உடைகள் கொடுக்கப் போகிறேன், வேண்டியவர்கள் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பார்க்கும்போது அறையை விட்டு வெளியே வந்துவிடுவதே நாகரிகம். வீட்டு வேலைக்கு வருகிறவரிடமும் கேட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும். தீபாவளிக்கு அவருக்குத் தர வேண்டிய புத்தாடைக்கோ போனஸுக்கோ இது ஈடாகாது.

நிறுவனங்களுக்குக் கொடுப்பதானால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். முதியோர் இல்லங்களில் தொளதொளவென்ற பருத்தி நைட்டிகளுக்கும் வேட்டிகளுக்கும் தேவை இருக்கும், ஜீன்ஸுக்கு இருக்காது. 1999இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, நகரங்களில் சேரும் உடைகளைப் பிரித்துச் சீர்செய்து, கிராமங்களில் மக்கள் தங்களுக்காகவே செய்யும் பொதுவேலைக்கு ஈடாக வழங்குகிறது. உடுத்த முடியாத பருத்தியைத் துவைத்து மாதவிடாய்த் துணியாக மாற்றுகிறது. இந்தப் பிரித்தெடுக்கும் வேலை ஏன் வேண்டும் என்பதை 2004 சுனாமிக்குப் பின் நம் கடற்கரையே காட்டியது. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக வந்த பழைய துணிகளை, அனைத்தையும் இழந்திருந்த மக்களும் தொடவில்லை. அவை சாலையோரத்தில் மலையாகக் கிடந்தன. துவைக்காத, பொத்தான் அறுந்த உடையைக் கொடுப்பது நம் வீட்டுக் குப்பையை இன்னொருவர் வாசலில் வைப்பதற்குச் சமம். ஆகவே துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்து, டாப்பும் பேன்ட்டும் துப்பட்டாவும் பிரியாமல் ஒரு நாடாவால் கட்டி, அளவை ஒரு சீட்டில் எழுதிச் செருகுங்கள். பயன்படுத்திய உள்ளாடைகளைக் கொடுக்காதீர்கள். காவல் துறை, பாதுகாப்பு நிறுவனம் போன்றவற்றின் சின்னம் உள்ள சீருடைகளையும் வெளியே விடாதீர்கள். அவை தவறான கைக்குப் போகலாம்.

தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் பேன்ட்டுகளுக்கும் புடவைகளுக்கும் எவர்சில்வர் பாத்திரம் கிடைக்கும். அந்த உடைகள் மறுவிற்பனைக்குப் போய் யாரோ ஒருவரால் உடுத்தப்படும் என்பதால் இதை நான் குறைவாக நினைப்பதில்லை. அசல் ஜரிகை வைத்த பழைய பட்டு மட்டும் வேறு. அதில் வெள்ளி இழை இருக்கிறது; பாத்திரக்காரரிடம் ஒரு டிபன் கேரியருக்குக் கொடுத்துவிடாமல், பழைய பட்டு வாங்கும் கடைகள் இரண்டிலாவது விலை கேளுங்கள்.

அனுப்புவதற்கு முன் எல்லாப் பாக்கெட்டுகளையும் உள்புறம் இழுத்துப் பாருங்கள். என் கணவரின் பரண் மூட்டையில் 500 ரூபாய்த் தாள் ஒன்றும், நாங்கள் மூன்று ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த வங்கி லாக்கர் சாவியும் இருந்தன.

கடைசியாக, தையற்காரரிடம் கொடுத்து வைத்திருக்கும் அளவு ரவிக்கையையும் அளவுச் சட்டையையும் திரும்ப வாங்கிவிடுங்கள். அவருடைய நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் பழைய எண்களையும் உங்கள் கண் முன்னே அடித்துவிடச் சொல்லிவிட்டு, புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டதால், இளைத்த பிறகு ஆசையாக எடுத்த முதல் பட்டுக்கு ரவிக்கை பழைய அளவிலேயே தைத்து வந்தது; அதைப் பிடித்துத் தைக்க மறுபடி அதே கடையின் படியேறினேன்.